முதுகை அழுத்தும் கை

யூலை 6, ஞாயிறு

சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கொடியில் போட்ட உடுப்பெல்லாம் புழுதி. வகுப்புக்குப் போகிற வழியில் வாய்க்குள்ளும் புழுதி.

கராத்தே வகுப்பு, வழக்கம்போல் சனசமூக நிலைய மண்டபத்தில். மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பிந்தித்தான் வந்தார். கறுப்புப் பட்டிப் பரீட்சை செப்டெம்பரிலாம். எங்களில் மூன்று பேர்: நான், சுதன், நிரோஷா ரீச்சர். உதை, குத்து எல்லாம் எனக்குப் பரவாயில்லை. ஸ்பிளிற்தான் பிரச்சினை. ஒரு கால் முன்னுக்கு, ஒரு கால் பின்னுக்கு நீட்டி இறங்கினால் தரைக்கும் எனக்கும் நடுவில் இன்னும் ஒரு செங்கல் வைக்கலாம். சுதன் அப்படியே தரையோடு ஒட்டிவிடுகிறார். என் துணைக்கு என்று சேர்ந்த மனிசன்!

கொழும்பில் மூன்றாம் முறை வைத்தியம் செய்தும் பிள்ளை தங்காமல் போனபின், உடம்பை அசைத்தால் மனமும் ஆறும் என்று டொக்டர் சொன்னார். அப்படித்தான் இதற்கு வந்தேன். இப்போது கைதட்டெல்லாம் என் புருஷனுக்கு.

மாஸ்டர் என்னிடம்: "பிள்ளை, காலை இழுத்து விரிக்கிறேல்லை. பெலன் வந்தாக் கால் தானா விரியும். குதிக்காலாலை நிலத்தை நல்லா அமத்திப்போட்டு விடும். பிறகு இறங்கும்."

வீட்டில் செய்ய:
– கதிரையைப் பிடித்துக்கொண்டு காலை மெதுவாக உயர்த்தி நிறுத்தல்
– மல்லாக்கக் கிடந்து இடுப்பைத் தூக்கல்
– முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, நெருக்கிப் பிடித்தல்
– ஸ்பிளிற் கடைசியில். உடம்பு சூடேறாமல் இறங்கவே கூடாது

மீன் வாங்க மறந்துவிட்டேன். இரவு பாணும் சம்பலும்.

யூலை 9, புதன்

வெக்கை. தலையிடி. நான் வேலை செய்யும் சங்கக் கடையில் சீனி வரவில்லை என்று சனம் என்னை ஏசுகிறது, நான்தான் கப்பல் ஓட்டுகிறேன் என்பதுபோல.

மாலை லண்டனிலிருந்து மச்சாளின் ஃபோன், சுதனின் அக்கா. நான் குசினிக்குள் நிற்பது தெரியாமல் சுதன் ஃபோனைச் சத்தமாகவே போட்டுக் கதைத்தார்.

"இன்னும் ஒருக்காப் பாருங்கோவன் தம்பி. நாலாந்தரம் சரிவந்த ஆக்கள் எத்தினை பேர்!"

"ஓம் அக்கா. கொழும்பிலை நாள் எடுத்திட்டன். அவவுக்கு இன்னும் சொல்லேல்லை."

எடுத்துவிட்டாராம். போன மார்கழியிலேயே சொன்னேனே, காணும், இனி என்னால் ஏலாது என்று. ஊசி, மருந்து, காத்திருத்தல், பிறகு இரத்தம். சொன்னபோது தலையாட்டியவர்தான் இவரும்.

சாப்பாட்டில் நானே கேட்டேன். "ஒருக்கா மட்டும். இதுதான் கடைசி" என்றார். போன முறையும் கடைசிதான்.

கோபத்தில் கறிக்கு உப்பை அள்ளிப் போட்டிருந்தேன். வாய் திறக்காமல் சாப்பிட்டு முடித்தார். அதுவும் கோபம்.

யூலை 12, சனி

காற்று குறைவு. குப்புறக் கிடந்து எழுதுகிறேன், இருக்க ஏலாது.

நேற்றுப் பின்னேரம் விறாந்தையில் இரண்டு பேரும் பயிற்சி. ஸ்பிளிற்றில் இறங்கியபின் முன்னால் குனிய வேண்டும். பின்னால் இருப்பவர் முதுகில் கை வைத்து அழுத்துவார். குனிகிறவர் போதும் என்று தோன்றி "காணும்" என்றால் அந்த நிமிஷமே கையை எடுக்க வேண்டும். வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்த சட்டம்.

நேற்று நன்றாகவே இறங்கினேன். செங்கல் பாதியாகிவிட்டது. சந்தோஷமாகத்தான் சொன்னேன், "காணும்."

"இன்னும் கொஞ்சம். கிட்ட வந்திட்டீர்."

"காணுமப்பா!"

"மூச்சை விடும். இந்தா, முடிஞ்சுது."

தொடைக்குப் பின்னால், மேலே, முருங்கைக் கொப்பு முறிந்ததுபோல் ஒன்று. நான் கத்தின கத்தில் பக்கத்து வளவு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது.

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி. எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். "கிணத்தடியிலை வழுக்கினது" என்றேன். நானேதான் சொன்னேன். பக்கத்தில் நின்ற சுதன் தலையாட்டினார். தசைநார் பாதி கிழிந்திருக்கிறதாம். ஐஸ் ஒத்தடம், ஓய்வு. ஆறு கிழமைக்கு வகுப்பை நினைக்கவே வேண்டாமாம்.

பரீட்சை போச்சு.

ஏன் பொய் சொன்னேன்? அவர் வெட்கப்படக்கூடாது என்றுதான்போல. ஆனால் அந்தப் பொய்யை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாரே, அதுதான் எரிகிறது. காலைவிட.

யூலை 15, செவ்வாய்

வெயில். தொடை முழுக்கக் கத்தரிக்காய் நிறம்.

மனிசன் ஓடி ஓடிப் பார்க்கிறார். விடியத் தேத்தண்ணி. மீன்வாடியிலிருந்து ஐஸ். அவர் வைத்த சொதி பச்சைத் தண்ணீர், ஆனால் வைத்தார். நிரோஷா ரீச்சர் பழம் கொண்டுவந்தார். "கிணத்தடியைத் தேச்சுக் கழுவுமப்பா, பாசி பொல்லாதது" என்று புத்தி சொல்லிவிட்டு, போகும்போது, "இப்பிடி ஒரு மனிசன் கிடைக்க நீர் குடுத்து வைச்சிருக்க வேணும்" என்றார். சிரித்தேன்.

பொய்யில்லை, நல்ல மனிசன்தான். குடிக்கமாட்டார். கை நீட்டியதில்லை. நான் வேண்டாம் என்றால் மட்டும் அவர் காதில் அது "கொஞ்சம் பொறு" என்று விழுகிறது.

கொழும்புப் பயணம் தள்ளிப்போய்விட்டது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க என்னால் ஏலாதே. கால் கிழிந்ததில் ஒரு நிம்மதி இது. கால் கிழிந்து நிம்மதி வருகிற நிலைக்கு வந்துவிட்டேன். நல்லாய் அழுதேன். சுதன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் வசதி.

ஓகஸ்ட் 6, புதன்

நேற்றிரவு சும்மா நாலு துளி மழை. புழுதிகூட அடங்கவில்லை.

நொண்டல் குறைவு. டொக்டர் விட்ட அளவுக்குத் தனியாகச் செய்கிறேன். இடுப்பைத் தூக்கல். குதிக்காலால் அமத்தல், விடல். நோகப்போகிற இடம் வந்ததும் நிற்பாட்டுகிறேன். நான் நினைத்த இடத்தில் நிற்கிறது. இது எவ்வளவு பெரிய சுகம் என்று முந்தித் தெரியாது.

சுதன் கதவடியில்: "பிடிக்கட்டே?"

"வேண்டாம்."

போய்விட்டார். பிறகு வெளியில் ஃபோனில் குரல்: "மாதக் கடைசியிலை வரலாமோ டொக்டர்? ஓம், அவவுக்கு இப்ப சுகம்."

எனக்குச் சுகமாம்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

காற்று. எழுத்துக் கோணல்.

இன்றுதான் திரும்ப வகுப்பு. உடம்பு சூடேற்றியபின் மாஸ்டர், "சோடி சோடியா இருங்கோ" என்றார். கேட்காமலே சுதன் என் பின்னால் வந்து இருந்தார். "மெதுவாத்தான் பிடிப்பன்" என்று காதுக்குள் சொன்னார். உண்மையாகவே மெதுவாகத்தான் கையை வைத்தார். எனக்குக் கழுத்திலிருந்து கால்வரை இறுகிவிட்டது.

மாஸ்டர் கண்டுவிட்டார். "ஏன் பிள்ளை இப்பிடி இறுகிறீர்? இறுகினாத் திரும்பக் கிழியும்."

"மாஸ்டர், எனக்கு வேறை ஆளைத் தாங்கோ."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் பிள்ளை?"

"காணும் எண்டு சொன்னா இவர் கை எடுக்கமாட்டார். நான் கிணத்தடியிலை விழேல்லை மாஸ்டர்."

சுதன் எழும்பிப் போய்ச் சுவரோடு நின்றார். நிரோஷா ரீச்சர் வந்து என் பின்னால் இருந்தார். கொஞ்சம்தான் குனிந்தேன், "காணும்" என்றேன். எடுத்துவிட்டார். இவ்வளவுதான் விஷயம். இவ்வளவு லேசு.

திரும்பி வந்தது மோட்டார் சைக்கிளில். வீட்டுக் கேற்றடியில் நிற்பாட்டிவிட்டுத்தான் கேட்டார்.

"எல்லாருக்கு முன்னாலையும் சொல்லவேணுமே?"

"தனியச் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை."

இறங்காமல் இருந்தார். "அப்ப கொழும்புக்கும் வரமாட்டீர்" என்றார். நான் கொழும்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ஓம். வரமாட்டன்."

"எனக்கு ஒரு பிள்ளை வேணும்." ஹெல்மெற்றைக் கழற்றாமலே அழுதார். ரோட்டில் ஆள் போவதையும் பார்க்கவில்லை.

"எனக்கும் வேணும். இனி ஏலாதப்பா."

நான் உள்ளே வந்துவிட்டேன். அவர் இன்னும் வரவில்லை.