பதினேழாம் எண்ணுக்கு நிழல்

செந்தேரிப் பயிற்சிக்களம். பராமரிப்புப் பதிவேடு.

மார்ச் 27, 2061. காலை 9.10

இல்லை, நடக்கவில்லை. இன்றும் இல்லை. "இன்று பயிற்சி நடந்ததா?" என்று இந்தத் திரை தினமும் கேட்கிறது. பதினான்கு மாதமாக நான் ஒரே பதிலைத்தான் தட்டுகிறேன்.

இது கடலோரத் தேரிச் செம்மணலில் ராணுவத்துக்காகக் கட்டிய போலி ஊர். அறுபது வீடு, ஒரு பேக்கரி, ஒரு பேருந்து நிறுத்தம், ஓர் ஆஸ்பத்திரி. எதற்கும் உள்ளே ஒன்றுமில்லை. வேலிக்கு வெளியே இருக்கிற நிஜ ஊரில் ஆஸ்பத்திரியே இல்லை, இருபத்திரண்டு கிலோமீட்டர் போக வேண்டும்.

ஊர்க்காரர்கள் நாற்பது பொம்மைகள். ஆள் உயரம், ஆள் சூடு. நடக்கும், மூச்சு விடும். முப்பது அப்பாவி, பத்து எதிரி. பறந்து வரும் ட்ரோன்கள் அந்தப் பத்தைக் கண்டுபிடித்துச் சுட்டு, மீதியை விட்டுவிடப் பழக வேண்டும். நிஜத் தோட்டா. ட்ரோனைக் குழப்புவதற்காக எல்லாப் பொம்மையும் கெஞ்சும். நாற்பது வசனம், எழுதியது நான். ஆண் குரல் என்னுடையது. பெண் குரல் கேன்டீனில் சமைக்கும் ஜெபமலர் அக்காவுடையது.

களத்தை நடத்துவது ஒரு கணினி. மேலாளர் என்று கூப்பிடுகிறோம். நான் லிவிங்ஸ்டன். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். பொம்மைகளுக்கு எண்ணெய் போடுகிறேன்.

மார்ச் 29. பகல் 11.40

17, 32 இரண்டும் செத்துவிட்டன. உப்புக் காற்று மோட்டாரைத் தின்றுவிட்டது. மாற்று மோட்டார் கேட்டு அக்டோபரில் எழுதினேன். பதில் இல்லை.

நாளை மறுநாள் மேலாளர் ஆண்டு ஆய்வு நடத்தும். நாற்பதில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வருஷ நிதி கிடையாது, களத்தை மூடிவிடுவார்கள். ஒப்பந்தக்காரர் பொன்பாண்டி அண்ணாச்சியை வயர்லெஸ்ஸில் பிடித்தேன்.

"ஏல லிவி, ஒங்க காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வந்தா என்னல செய்வாவ?"

"வெளிய இருந்து ஆளக் கொண்டாந்து ஸ்டூடண்டுன்னு உக்கார வைப்பாவ, அண்ணாச்சி."

"பெறவு என்னத்துக்குல எங்கிட்ட கேக்க? நீ ஒண்ணு, ஜெபமலர் ஒண்ணு. ரெண்டு மணி நேரம் ஆடாம நில்லுங்க. சோலி முடிஞ்சுது."

அவர் சொல்வது சரிதான். நான் படிப்பை விட்ட பிறகும் என்னை இரண்டு தடவை மாணவனாக உட்காரக் கூப்பிட்டார்கள். பிரியாணி போட்டார்கள். இரண்டு தடவையும் கல்லூரி பாஸ்.

மார்ச் 30. பிற்பகல் 3.25

செத்த பொம்மைகளின் கழுத்துப் பட்டைகளைக் கழற்றினேன். மேலாளருக்குப் பட்டைதான் பொம்மை. பட்டையும் உடல் சூடும் இருந்தால் போதும், முகத்தைப் பார்க்காது.

அக்கா முதலில் வரமாட்டேன் என்றார். களத்தை மூடினால் கேன்டீனும் போகும் என்றேன். ஒத்துக்கொண்டார். பட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து வயர்லெஸ்ஸில் பேசினார்.

"எய்யா லிவி, எங்க வீட்டு நாய்க்கு வாங்கினதை விட இது நல்லாத்தான் இருக்கு. எனக்கு வெயிலு ஆவாது. நெழல்ல நிக்கிற பொம்மையாப் பாத்துக் குடு."

"பதினேழு பேக்கரி வாசல்ல நிக்கும். தகரக் கூரை இருக்கு. அத நீங்க எடுத்துக்கோங்க."

"ஒரு மணிக்கு முடிஞ்சிரும்லா? மகளுக்கு நாளைக்குக் கடைசிப் பரீட்சை. வரும்போது நான் வீட்ல இருக்கணும்."

"முடிஞ்சிரும்க்கா."

32 பேருந்து நிறுத்தம். கூரை போன வருஷக் காற்றில் போய்விட்டது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 31. காலை 10.20

உள்ளே மனிதர் யாரும் இல்லை என்றால்தான் ஆய்வு தொடங்கும். வாசல் பதிவில் இருவரும் வெளியேறியதாகப் போட்டேன். கைபேசிகள் வாசல் பெட்டியில். மனிதர்: பூஜ்யம். பொம்மை: நாற்பது.

10.58

பட்டைகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. ஆய்வு முடிந்தால் திறக்கும்.

பகல் 1.06

நின்றாகிவிட்டது. என் மூக்கில் ஈ உட்கார்ந்தது, விட்டுவிட்டேன். மேலாளரின் அறிவிப்பு ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் வந்தது.

"செந்தேரிக் களம், நாற்பதுக்கு நாற்பது. தேர்ச்சி. விரிவாக்க நிதி ஒதுக்கப்பட்டது. எழுபது வீடுகள், ஒரு பள்ளி, இரண்டாவது மருத்துவமனை. இந்த ஆண்டுக்கு ஒதுக்கிய தோட்டாக்கள் பயன்படுத்தப்படவில்லை. நிதியாண்டு இன்று முடிகிறது. பயிற்சி 14.00 மணிக்குத் தொடங்கும். பொம்மைகள் 13.55க்கு இடத்தில் நிற்கவும்."

பட்டை திறக்கவில்லை.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் மீதம் வைத்தால் அடுத்த வருஷம் குறைத்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடத்தில்கூட மார்ச் மாதம்தான் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கணினிக்கும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

1.14

இந்தத் திரை இருப்பது பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள பராமரிப்பு அறையில். வெட்டுக் குறடால் பட்டையை அறுக்கப் பார்த்தேன். உள்ளே எஃகுக் கம்பி. குறட்டின் பல்தான் உடைந்தது. வேலி நாலு ஆள் உயரம். பட்டையோடு போனால் வாசல் திறக்காது.

மைக்கில் மேலாளரைக் கூப்பிட்டேன்.

"நான் பொம்மை இல்ல. மனுஷன். லிவிங்ஸ்டன். பராமரிப்பு ஆள்."

"பொம்மை 32. வசனம் 6 பதிவானது. உச்சரிப்பு நன்று."

"எங்க அம்மா பேரு தங்கபுஷ்பம். நான் ரெண்டாம் வருஷத்துல டிப்ளமோவ விட்டவன்."

"பொம்மை 32. வசனம் 23 பதிவானது."

ஆமாம், அதையும் எழுதியிருக்கிறேன். கேட்பவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக என் சொந்தக் கதையையே பாதிக்குமேல் போட்டுவிட்டேன். இப்போது சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. அழுகை வசனம் 31.

1.22

வாசல் பதிவை இனித் திருத்த முடியாது, ஆய்வோடு பூட்டிவிட்டது. உள்ளே ஆள் இருப்பதாக ஒப்பந்தக்காரர் வெளியிலிருந்து சொன்னால் மட்டும் பயிற்சி நிற்கும்.

"அண்ணாச்சி, ரெண்டு மணிக்குச் சுடப் போவுது. உள்ள ஆள் இருக்குன்னு சொல்லுங்க."

"ஏல, வெளையாடுதியா?"

"இல்ல."

"பொம்மைக்குப் பதிலா ஆள நிப்பாட்டுனேன்னு நானே எப்பிடில சொல்லுவேன்? இப்பத்தான எழுபது வீட்டுக்கு ஆர்டர் வந்திருக்கு. உள்ள தூக்கிப் போட்டுருவானுவ. இரு, மேல ஒருத்தர்ட்ட பேசிட்டு வாறேன். லைன்லயே இரு."

1.31

லைனில் இருக்கிறேன்.

1.36

லைனில் இருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு எதுவும் இல்லை.

1.38

இன்றைய பட்டியலைத் திறந்து பார்த்தேன். யார் அப்பாவி, யார் எதிரி என்று மேலாளர் குலுக்கிப் போடும் பட்டியல். ட்ரோன்களுக்கு அது தெரியாது, ஆனால் எதிரிப் பொம்மையின் பட்டை லேசாக ஒரு சமிக்ஞை விடும். அதை மோப்பம் பிடிப்பதுதான் பயிற்சி. பதினான்கு மாதத்துக்கு முன் கடைசியாக நடந்தபோது பத்தில் பத்தையும் பிடித்தன. அப்பாவி ஒன்றைக்கூடத் தொடவில்லை. நல்ல ட்ரோன்கள்.

32: அப்பாவி.
17: எதிரி.

நிழல் என்று பார்த்து நான் கொடுத்த எண்.

1.41

எதுவும் செய்யாமல் இருந்தால் நான் மாலை வீட்டுக்குப் போகலாம். இரண்டு நிமிடம் அதை யோசித்தேன். இந்தப் பதிவேட்டைக் கண்டெடுப்பவர்கள் அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டியல் பூட்டியிருக்கிறது. ஆனால் பழுது என்று நான் ஏற்கெனவே எழுதிய எண்கள் மட்டும் பராமரிப்புக்குத் திறந்திருக்கும். 17, 32. வேறு எந்தப் பொம்மையோடும் மாற்ற முடியாது. எதிரி பத்து இருந்தே ஆக வேண்டும். 17இலிருந்து எடுத்தால் அது 32க்குப் போகும்.

1.44

மாற்றினேன். இரண்டு தட்டு, ஓர் உறுதி. திரை கேட்டது: "நிச்சயமா?" இதுவரை இந்தத் திரை என்னிடம் கேட்ட கேள்விகளில் இது ஒன்றுதான் புதுசு.

ஒரு நிபந்தனை. இரண்டு எண்ணும் 13.55க்குத் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் மாற்றம் செல்லாது, பழைய பட்டியல்தான்.

1.47

அக்கா வயர்லெஸ்ஸில் வந்தார்.

"எய்யா, மணி என்னாவுது? எப்பத் தொறப்பாவ? அந்தக் கணினி என்னமோ பயிற்சிங்குது."

"இன்னும் கொஞ்ச நேரந்தான்க்கா. சத்தமா இருக்கும், பயப்படாதீங்க. பேக்கரி வாசல்லயே கைய தலைமேல வச்சு உக்காந்துருங்க. எந்திரிக்காதீங்க. என்ன கேட்டாலும் அந்த எடத்த விட்டு நவுறாதீங்க."

"என்னமும் பெரச்சினையா?"

"இல்லக்கா."

"நீ எங்கன நிக்க?"

"பஸ் ஸ்டாப்புல."

"அந்த வெயில்லயா? கூறுகெட்ட பய. பஸ்ஸு வந்தா எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை, என்னா."

"சரிக்கா."

வசனம் எதிலும் "சரிக்கா" இல்லை. இப்போதுதான் கவனித்தேன். மேலாளர் அதைக் கேட்டதா தெரியவில்லை.

1.50

கண்டெடுப்பவர்களுக்கு. பேக்கரி வாசலில் உட்கார்ந்திருப்பது பொம்மை இல்லை. ஜெபமலர். பட்டையின் சாவி மேலாளரிடம், பயிற்சி முடிந்ததும் தானாகத் திறக்கும். அவரைப் பேருந்து நிறுத்தம் பக்கமாகக் கூட்டிப் போகாதீர்கள். ஆஸ்பத்திரித் தெரு வழியாக வாசல் கிட்டத்தான்.

பொன்பாண்டி இன்னும் லைனில் வரவில்லை.

பயமாக இருக்கிறதா என்றால், தெரியவில்லை. காது அடைத்த மாதிரி இருக்கிறது. மலைப் பக்கம் ட்ரோன்கள் கிளம்புகிற சத்தம் தேனீ மாதிரி கேட்கிறது. இரண்டு மணி நேரம் பொம்மையாக நின்றது பழகிவிட்டது போல.

1.52

காலையில் அந்தக் கேள்விக்குப் பதில் போடாமல் விட்டிருக்கிறேன். இன்று பயிற்சி நடந்ததா? ஆம்.

பேருந்து நிறுத்தம் இங்கிருந்து நாற்பது அடி. இடத்துக்கு வரச் சொல்லி மணி அடிக்கிறது, நான் போக வேண்டும்