வழக்கு முடியும் வரை

ஐப்பசி, புதன் இரவு.

மகன் கார்த்தியின் ஜாக்கி உரிமத்தை ரேஸ் கிளப் நிறுத்தி வைத்துவிட்டது. அடிதடி வழக்கு முடியும் வரை அவன் பந்தயத்தில் குதிரை ஓட்டக் கூடாது. வரப்புத் தகராறில் அடித்துக்கொண்டது நானும் பங்காளி செங்கோடனும்தான். எங்கள் ஊர்ப்பக்கம் போலீசில் புகார் கொடுத்தால் எதிராளி வீட்டு ஆண்கள் அத்தனை பேரையும் சேர்ப்பது வழக்கம். விலக்கிவிட வந்த என் மகன் பெயரும் ஏறிவிட்டது. "பையன் பேரையுஞ் சேத்தாத்தானுங்க அப்பன் எறங்கி வருவான்" என்று செங்கோடன் டீக்கடையில் சிரித்தானாம்.

கிளப்பைத் திட்ட முடியவில்லை. வேறொருவன் மகனென்றால் நல்ல விதி என்றுதான் சொல்லியிருப்பேன். செங்கோடனிடம் போய் நின்றால் ராஜியாகி வழக்கை முடித்துக்கொள்ளலாம். அவன் வாசல்படி ஏறுவதை நினைத்தாலே உடம்பு எரிகிறது.

எடை ஏறுமென்று வருடக்கணக்காக அரை வயிறு உண்ட கார்த்தி, இன்று கோழிக்குழம்புக்கு மறுபடி மறுபடி சோறு வாங்கினான்.

"போதும் சாமி" என்றேன்.

"இனி என்னைய யாருங்கப்பா தராசுல ஏத்தப் போறாங்க? நீ ஊத்தும்மா."

அவன் கை கழுவப் போனதும் மனைவி பூரித்துப்போய்ச் சொன்னாள்: "ஏனுங்க, இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் வவுறார உண்டிருக்கான். கண்ணு வெக்காதீங்க."

நாளைக்கும் கறி எடுத்துவரச் சொல்லியிருக்கிறாள். கறிக்கடைக்குப் போகிற வழியில்தான் செங்கோடன் வீடு.