வில்சன் பேசினால் விழும் விளக்கு

இயேசு மரி சூசை துணை

எர்ணாவூர்,
கிறிஸ்துமஸ் முடிந்த வெள்ளிக்கிழமை.

என் மூத்த மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா அடைக்கலமேரி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை ரூத்தும் ஆண்டவர் கொடுத்த மூச்சை எர்ணாவூர்ப் புகையோடு கலந்து இழுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் உன் ரூம் பிள்ளைகளும் எங்களைவிட நல்ல காற்றில் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். பண்டிகை ஆர்டருக்கு இறால் உரித்து உரித்து என் விரலெல்லாம் வீங்கிப் பேனா நிற்கவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல ரூத் எழுதுகிறாள், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (மாற்றவில்லை அக்கா. அம்மா என்னைத் திட்டிய இடங்களில் மட்டும் காகிதம் கருகிவிடும் என்று விட்டுவிட்டேன். ரூத்.) போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். உன் ரூமில் நாலு பேர் இருக்கிறார்கள், இங்கே ஸ்பீக்கரில் போடாமல் எனக்குக் கேட்பதில்லை. இந்த விஷயம் இனிமேல் எந்த ஸ்பீக்கரிலும் போகக் கூடாது. பக்கத்து பிளாக் நீலா லீவு முடிந்து நாளை அங்கே திரும்புகிறாள், இறால் ஊறுகாயோடு இதையும் அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், ஊறுகாயைப் பிறகு பிரி, இதை முதலில் படி.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை இழுத்துக்கொண்டுதான் போகிறது, லாரி வரிசை எண்ணூர் வரை நின்றால் அவர் வீடு வந்து சேர விடிந்துவிடுகிறது. முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னால் முட்டிக்கு எண்ணெய் ஊற்ற நான் என்ன கிரேனா என்கிறார். நம் வீட்டு விளக்கு அலங்காரத்தைப் பற்றி ரூத் உனக்குப் பெருமையாக எழுதியிருப்பாள். உன் தங்கைக்கு வாயும் நீளம் வயரும் நீளம். ரிச்சி தெருவிலிருந்து எல்இடி பட்டை வாங்கிவந்து, யாரோ தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து கரன்ட் பெட்டியைக் கழற்றி, சால்டரிங் வைத்து என் நல்ல மேசையில் ஓட்டை போட்டு, கீழே படிக்கட்டு வாசலிலிருந்து மூன்றாவது மாடி நம் பால்கனி வரை ஏணி மாதிரி விளக்கைத் தொங்கவிட்டாள், உச்சியில் ஒரு ஸ்டார். நகம் அளவு ஒரு மைக், அது கேட்கிற சத்தத்துக்கு ஏற்ப விளக்கு ஏறும் இறங்கும். கேரல் பாடிக்கொண்டு வந்தவர்கள் பாட்டை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நானே அவள் தலையில் அந்த ஸ்டாரைச் சூட்டியிருப்பேன். அவள் என்ன செய்தாளென்றால், சத்தம் அறுபடாமல் வந்தால் விளக்கு மேலே மேலே ஏறும், நடுவில் விட்டால் பொத்தென்று அடிக்கு விழும், மூச்சு விடாமல் பேசினால்தான் ஸ்டார் எரியும் என்று மாற்றிவிட்டாள். பிளாக்கே இதற்குப் பைத்தியமாகிவிட்டது. கோலமாவு விற்கிறவர் ஒரே கூவலில் ஏற்றினார், கண்டெய்னர் லாரி ஹாரன் ஏற்றியது, இரண்டாவது மாடி அஃப்ரித் முகம் சிவக்கக் கத்தியும் அவனுக்கு ஏறவில்லை. அதுவரை விளையாட்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு சாயந்திரம் ராயபுரத்திலிருந்து வில்சனும் அவன் அம்மாவும் கேக்கோடு வந்தார்கள், கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை என்றைக்கு வாசிப்பது, கல்யாணப் புடவை என்ன நிறம் என்று பேச. வருங்கால மாப்பிள்ளை வருகிறான் என்று தெரிந்ததும் உன் தங்கை வாசலில் இருந்த மைக்கைக் கழற்றி, ஹாலில் கிறிஸ்துமஸ் குடிலுக்குள் கழுதைப் பொம்மைக்குப் பின்னால் வைக்கோலில் ஒளித்து, அவன் உட்காரும் நாற்காலிப் பக்கம் திருப்பிவிட்டாள். எனக்குத் தெரியாது. வில்சன் பேசினால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போன லீவில் அவனைப் பார்த்தபோதே தெரியும், திக்கினால் என்னம்மா, மனுஷன் நல்ல மனுஷன் என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு அவனுக்கு நல்ல குஷி. கீழே கைதட்டல் கேட்கிறது, கேரல் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டான், எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு படகின் இஞ்சின் நின்றுபோய் இவன் நீந்திப் போய் ஓட்டிய கதையை எடுத்தான். எடுத்த சொல் தொண்டையில் நிற்கும், விளக்கு விழும். மறுபடி ஏறும், விழும். நான் வழக்கம்போல அவன் சிக்கிய இடத்தில் சொல்லை எடுத்துக் கொடுத்தேன், நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான், நான் எடுத்துக் கொடுத்தபோதெல்லாம் விளக்கு சரசரவென்று ஸ்டார் வரை போயிருக்கிறது, கீழே விசில் பறந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு அஃப்ரித்தை நிறுத்திக் கேட்டபோதுதான் தெரிந்தது. "இன்னா மாமு, லிஃப்ட்டு ரெண்டாவது மாடியிலயே நின்னுகினு கீது, அத்தை வந்துதான் தள்ளணும் போல" என்று ஒருவன் சொன்னானாம். நாம் ஜாதகம் பார்க்கிற ஆள் இல்லையே, அதனால் நட்சத்திரப் பொருத்தத்தை இப்படிப் பார்க்கிறோம் என்று ஒருவன் சொன்னானாம். அந்த வசனம் யார் எழுதிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை, எழுதுகிற கை இப்போது ஏன் நிற்கிறது என்று பார்த்தாலே தெரிகிறது.

இவ்வளவு கைதட்டுகிறார்களே, என்ன என்று பார்ப்போம் என்று வில்சன் எழுந்து பால்கனிக்குப் போனான். எட்டிப் பார்த்து, ந... ந... நல்லா என்று ஆரம்பித்தான். விளக்கு அவனோடு சேர்ந்து திக்கியது. அவன் படகு மெக்கானிக் மகளே, மற்றவர்களைப் போலச் சுற்றி வளைத்துப் புரிந்துகொள்கிற ஆள் இல்லை. கீழே ஒரு கூட்டமே தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. சரிதானா என்று சோதித்துப் பார்க்கிறவன் மாதிரி உன் பெயரைச் சொன்னான். ஜெ... ஜெ... இரண்டு தரம் சொன்னான், இரண்டு தரமும் விழுந்தது. கீழே சிரித்தார்கள். அவன் அவர்களைப் பார்க்கவில்லை, திரும்பி ரூத்தைப் பார்த்தான், பிறகு அவன் அம்மாவைக் கைபிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, காபி நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரூத்தை நான் என்ன செய்தேன் என்று இங்கே எழுத வேண்டாம், அவள் முதுகுக்குத் தெரியும். (இடது தோளுக்கும் தெரியும். ரூத்.)

இதுவரை நடந்தது சின்னப் பெண்ணின் திமிர். உனக்குக் கடிதம் எழுதுவது அதற்காக இல்லை.

மறுநாள் சாயந்திரம் வில்சன் தனியாக வந்தான். கோபித்துக்கொண்டு வரவில்லை மகளே. விளக்குப் பட்டையின் ஒட்டு திறந்து கிடக்கிறது, மழை பெய்தால் ஷாக் அடிக்கும், சின்னப் பொண்ணு கை வைக்கும் என்று, படகு வேலைக்கு வாங்கும் தண்ணீர் இறங்காத டேப் ஒரு சுருள் எடுத்து வந்திருந்தான். குடிலிலிருந்து மைக்கை எடுக்க எனக்குத் தோன்றவில்லை, அவன் கீழே வந்து நின்றபோது விளக்கு ஒரு தடவைகூட விழாமல், அடியிலிருந்து ஸ்டார் வரை ஒரே ஏற்றமாக ஏறி எரிந்துகொண்டே இருந்ததாம். யார் இவ்வளவு சரளமாகப் பேசுகிறார்கள் என்று பார்க்கும் ஆசையில் வேகமாகப் படியேறினேன் என்று அவனே சொன்னான். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே ரூத் உன் வாய்ஸ் மெசேஜை நீலாவுக்காக இரண்டாம் தரம் முழுச் சத்தத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். முந்தின நாள் நடந்ததை அவள் வீடியோ எடுத்து உனக்கு அனுப்பியதும், அதற்கு நீ அனுப்பிய பதிலும் எனக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். உன் சிரிப்பு நல்ல சிரிப்பு என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள், எங்கேயும் அறுபடாது. சிரித்து முடித்து நீ சொன்னாய், "அய்யோ ரூத்து, சாவடிக்கிறடி. இன்னொரு தபா அவர பேச வையேன், ரூம்ல எல்லாருக்கும் காட்டணும்." வில்சன் வாசல்படியில் நின்று கடைசி வரை கேட்டான். டேப்பை மேசைமேல் வைத்தான். ரூத் சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடத் தெரியாமல் நின்றாள், நீலா முந்தானையை எடுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டாள்.

பிறகு அவன் என்னிடம் பேசினான். அவன் முடிக்கும் வரை நான் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை, அவனைத் தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. முடிக்க நிரம்ப நேரம் ஆயிற்று, வெளியே விளக்கு எத்தனை தரம் விழுந்ததோ. "அத்தை, ஜெசிக்கு நா... நா... நான் வேணுமான்னு கேளுங்க. வேணான்னா சி... சிரிக்க வேணாம். சொ... சொன்னாப் போதும்." போய்விட்டான். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வரவில்லை, பூசையில் பார்த்தபோது தூரத்திலிருந்தே கும்பிட்டான். நேற்று அவன் அம்மா வந்து அழுதார்கள். கல்யாணத்தில் மைக் முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தைப்பாட்டை அவன் ஆறு மாதமாகப் படகு இஞ்சினை ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினானாம், அந்தச் சத்தத்தில் அவனுக்குத் திக்காதாம். இப்போது இஞ்சின் ஓடுகிறது, அவன் வாய் திறப்பதில்லை என்கிறார்கள். பங்குச் சாமியாரைக் கேட்டேன், மெதுவாகச் சொல்லலாம் அம்மா, எவ்வளவு நேரமானாலும் கோவில் காத்திருக்கும், ஆனால் அவர் வாயால்தான் சொல்ல வேண்டும், அந்தப் பெண்ணும் நின்று கேட்க வேண்டும் என்றார்.

முதல் ஓலை வருகிற ஞாயிறு வாசிக்க வேண்டும். நீலா நாளை இரவு உன்னிடம் வந்துவிடுவாள், ஆகவே உனக்கு ஒரு இரவு இருக்கிறது. அவன் கூப்பிட்டால் டியூட்டி என்று கட் செய்துவிட்டு மெசேஜ் போடுங்கள் என்று சொல்வாயாம், இத்தனை மாதமும் அப்படித்தான் நடந்ததாம், நேற்று அவன் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். மெசேஜில் யாருக்கும் திக்காது மகளே, உனக்கு அதுதான் வசதியாக இருந்திருக்கிறது. நல்ல மனுஷன் என்று நீ சொன்னது வரதட்சணை கேட்காத இடம், நம் வீட்டுக் கடன் இன்னும் ஏறாது என்ற நினைப்பிலா, அவனைப் பிடித்துச் சொன்னதா என்று இந்த வீட்டில் ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை, அதை நான் இப்போது கேட்கிறேன். நீ வேண்டாம் என்றால் அப்பாவும் நானும் தலை குனிந்துகொள்கிறோம், குனிந்து பழகின தலைதான். ஆனால் அவனைத் தூக்கிப் போடுவதாக இருந்தால் நீயே அவனிடம் பேசித் தூக்கிப் போடு, எங்கள் வழியாக வேண்டாம்.

மாதா உன்னைக் கண்ணிமைபோலக் காக்கட்டும், உன் கை வேலை ஆசீர்வதிக்கப்படட்டும், நல்ல புத்தி கொடுக்கட்டும். ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். அவனுக்குப் போன் செய்தால் ரூமை விட்டு வெளியே வந்து செய். அவன் சொல்லி முடிக்கும் வரை காத்திரு, எடுத்துக் கொடுக்காதே. சிரிப்பு வந்தால் உடனே போனை வைத்துவிட்டு எனக்குச் சொல், ஓலையை நிறுத்தச் சொல்லி நானே சாமியாரிடம் போகிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
அடைக்கலமேரி

அக்கா, அம்மா எழுந்து போய்விட்டார்கள், இது நானாக எழுதுவது. உன் வாய்ஸ் மெசேஜை என் போனிலிருந்து அழித்துவிட்டேன். அதற்கு முன்னால் வில்சன் மாமா அதைத் தனக்கு அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். எதற்கு மாமா என்று கேட்டதற்கு, உன் குரலில் அவரிடம் வேறு எதுவுமே இல்லை என்று டைப் செய்தார். ரூத்.