உரமிடாத பாத்தி

மகளுக்கு,

இங்கே துரியால்பாவில் மழை விடவே இல்லை. என் வகுப்பு மாணவர்கள் பள்ளித் தோட்டத்தில் உரம் போட்டும் போடாமலும் மக்காச்சோளம் விதைத்து, வாராவாரம் அளந்தார்கள். சீட்டுக் குலுக்கியதில் உரமே போடக்கூடாத பாத்தியாகப் சமையலறைப் படியோரப் பாத்தி வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட உயரமாக வளர்ந்தது.

இந்த முறை யாரையும் திட்டவில்லை. காலையில் காபி வடித்த துணியிலிருந்து சக்கையை உதறும்போதுதான் பார்த்தேன், என் கை அந்தப் பாத்திக்கு மேலே இருந்தது. வருஷக்கணக்காகத் தினமும் அங்கேதான் உதறுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அது உனக்கு வந்த பாத்தி. திருட்டுத்தனமாக உரம் போட்டாய் என்று எல்லார் முன்னாலும் பூஜ்யம் கொடுத்தேன்.

"சத்தியமா நான் எதுவும் போடலம்மா" என்று அழுதாய்.

"இங்க டீச்சர்னு கூப்பிடு" என்றேன்.

அன்றிலிருந்து நீ என்னை இரண்டில் எதையும் சொல்லிக் கூப்பிடவில்லை.

அம்மா