அலமாரிக் கதவின் உட்புறம்

மதிப்பிற்குரிய தோழி கிளெனிஸுக்கு,

ஆறு குளிர்காலங்களாக நாம் கணினி விளையாட்டில் வளர்த்த சுரங்கக் குடியிருப்பில் ஒரு கதவை அமைக்க ஏழு விசைகளை அழுத்த வேண்டும். "இது விளையாட்டாடி, இல்ல வரி கட்டுற படிவமா?" என்று நீ கேட்டு, என் வீட்டில் கூடும் குழுவையே சிரிக்க வைப்பாய். ஆயினும் அவ்விளையாட்டின் ஆழத்தை என்னளவு நேசித்தவள் நீ ஒருத்தியே.

அன்று நீ விசைக் குறிப்புத் தாளை எடுத்தபோது, அனைவர் முன்னிலையிலும், "தாளப் பாத்து ஆடுறவ சீட்டாடப் போகலாமே. பள்ளிக்கூடம் முடிக்காத எனக்கே எல்லாம் மனப்பாடம்" என்றேன். தின்றுகொண்டிருந்த சீஸ் ரோலைப் பாதியில் வைத்துவிட்டு நீ எழுந்து போனாய். மூன்று மாதங்களாகின்றன.

நான் கூறியது பொய். என் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம், என் கையெழுத்தில் நான்கு விசைக் குறிப்புத் தாள்கள் ஒட்டப்பட்டுள்ளன. தேநீர் போடுவதாகச் சொல்லி நான் அடிக்கடி எழுந்து சென்றது அவற்றைப் பார்ப்பதற்கே. "இந்த இன்வர்கார்கில் ஊர்லயே நீதான்டி அதிகம் டீ குடிக்கிறவ" என்று நீ கேலியும் செய்வாய்.

சென்ற சனிக்கிழமை அக்கதவைக் குழுவினருக்குத் திறந்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மொய்ரா மட்டும், "இத கிளெனிஸ்கிட்ட சொன்னியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இப்போது சொல்லிவிட்டேன்.

வெட்கத்துடன்,
உன் சுரங்கக் கூட்டாளி