மருந்தடித்த சுவர்

கட்டுகஸ்தோட்டை
9.4.1975

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தம்பி காளிமுத்து வணங்கி எழுதுவது. திருச்சியிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் திங்கட்கிழமை வந்தது. தந்தியைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறீர்கள். மலேரியாவுக்கு மருந்தடிக்கிறவன் வீட்டிலேயே பிள்ளைக்கு எப்படி மலேரியா வந்தது?

வீட்டில் நல்லம்மா அழுது ஓய்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன்.

பாஸ்போட்டில் பிள்ளையின் பெயர் பிழையாக விழுந்ததால் உங்கள் மகள் தவமணியை எங்களிடம் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறினீர்கள். திருத்தியதும் அனுப்பி வை என்றீர்கள். பதினொரு மாதம் எங்களோடு இருந்தாள்.

இந்த வருஷம் மழை பிந்தியது. மகாவலி வற்றி, பாலத்துக்குக் கீழே பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கியது. மலேரியாக் கொசு அங்கேதான் முட்டையிடும். மாசி மாதம் நம் வீட்டுக்கு நானே டிடிடி அடித்தேன். சுவரெல்லாம் வெள்ளையாகக் காய்ந்தது. நாலு நாள் கழித்துத் தவமணி கூப்பிட்டாள். "சித்தப்பா, மருந்து மேலயே கொசு குந்தியிருக்கு, சாகல பாருங்க" என்றாள். "பொழுது சாயறதுக்குள்ள செத்துரும்மா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பங்குனியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னாள் நல்லம்மா. அதற்கான ஊசியும் கண்ணாடித் தகடும் என் பையிலேயே இருந்தன. "மருந்தடிச்ச வீட்டுல மலேரியா எப்படி வரும்? சளிக்காய்ச்சல்தான்" என்று சொல்லி, கொத்தமல்லி அவித்துக் கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. கார் பிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். மறுநாள் பத்தரை மணிக்குப் போய்விட்டாள். மகியாவை மயானத்தில் அடக்கம் செய்தோம்.

அண்ணன், அந்த மூன்று நாளை மறைத்து இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலையில், அவள் படுத்த மூலைச் சுவரிலிருந்து இருபத்தைந்து கொசுக்களைக் குழாயால் உறிஞ்சிப் பிடித்து ஆபீசுக்குக் கொண்டுபோனேன். எங்கள் மேலதிகாரி மர்சூக் ஐயா, மடவளைக்காரர், அவற்றை எண்ணி வாங்கிக்கொண்டார். டிடிடி தோய்த்த கடதாசி வைத்த குழாய்க்குள் ஒரு மணி நேரம் விட்டோம். பிறகு வேறு குழாய்க்கு மாற்றி, சீனித்தண்ணீரில் நனைத்த பஞ்சு வைத்தோம். மறுநாள் எண்ணிப் பார்த்தேன். செத்தது ஆறு. பத்தொன்பது உயிரோடு இருந்தன.

மர்சூக் ஐயா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "மருந்து பழுதில்ல, காளிமுத்து. கொசுதான் வேற. தொடக்கத்துலயே ஆயிரத்துல ஒண்டு ரெண்டு இதத் தாங்கியிருக்கும். மத்ததெல்லாத்தையும் நாங்க சாகடிச்சிட்டம். மிஞ்சினது முட்டை போட்டுப் பெருகினா, அதுட பிள்ளைகளும் தாங்கும்தானே. கொசுவுக்கு ஒரு தலைமுறை எண்டா பதினஞ்சு இருவது நாள்தான்" என்றார்.

மலேரியா ஒழிந்துவிட்டதென்று நடுவில் மருந்து நிறுத்திய காலத்தை விட்டாலும் பத்து வருஷம் பம்ப் தூக்கியிருக்கிறேன். வீடு வீடாகச் செத்து விழுந்த கொசுவைக் காட்டிப் பெருமைப்பட்டேன். பிழைத்துப் பறந்ததை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அதைப் பார்த்தவள் தவமணி.

அடுத்த மாதம் வேறு மருந்து வருகிறது. அதையும் நான்தான் அடிக்க வேண்டும். நேற்று மடவளையில் வீடுகளுக்குச் சொல்லிவைக்கப் போனேன். பஸீஹா என்ற தாய், கைப்பிள்ளையோடு வாசலில் நின்று, "இதுக்காவது சாகுமா?" என்று கேட்டார். "இப்ப சாகும்மா. எத்தன வருஷத்துக்குன்னு சொல்லத் தெரியல. பிள்ளைக்கு ஒடம்பு சுட்டா அன்னைக்கே ரெத்தம் பாத்துருங்க" என்றேன்.

பாஸ்போட் ஆபீசுக்கு நானே போய், இனித் திருத்த வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவளுடைய சட்டைகளும் பள்ளிக்கூடக் கொப்பிகளும் அலுமாரியில் இருக்கின்றன. அனுப்புவதா, இங்கேயே வைத்திருப்பதா என்று அண்ணி சொல்லட்டும்.

அங்கே உங்களோடு இருக்கும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் வளரட்டும். கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் அதை மட்டும்தான் கேட்கிறேன். எனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

திட்டியாவது ஒரு கடிதம் போடுங்கள். தம்பி என்று எழுத மனம் வராவிட்டால் பெயரை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
காளிமுத்து