அறுபத்தெட்டு மீட்டர்

தாமே
அக்டோபர் 29, 2007

அன்பு மகன் தேண்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாம்சே டெலிபோன் கடையில் உன் குரல் கேட்டது. நீ அழுதாய், நான் அழவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. துக்கத்தின் நாற்பத்தொன்பது நாள் முடியும்வரை அழக்கூடாது என்று லாமா சொல்லியிருக்கிறார். நாம் அழுதால் போகிறவருக்கு வழியில் ஆலங்கட்டியாக விழுமாம். பனியில் போனவர்மேல் நானும் ஆலங்கட்டி போடவேண்டுமா? பெயரையும் சொல்லக்கூடாது. அதனால் உன் அப்பா என்றே எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

"அப்பா வாட்ச்சப் பாத்தாரா?" என்று கேட்டாய். அதற்குள் லைன் போய்விட்டது. நீ அனுப்பிய உயரம் காட்டும் வாட்ச்சை உன் அப்பா பார்த்தார். சொல்கிறேன்.

புல் அறுக்க மேலே லுங்தென் குடிசையில்தான் இருந்தோம். அன்று 19ஆம் தேதி. உன் அப்பா கோக்யோ லாட்ஜுக்கு மண்ணெண்ணெய் ஏற்றி இரண்டு யாக் மாட்டோடு ரென்ஜோ கணவாயைத் தாண்டவேண்டும். சும்பி மாமாவும் கூடப் போவதாக இருந்தது. விடிந்ததும் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

"மச்சான், இன்னைக்கு வேணாம்யா! ராத்திரி பூரா முட்டி குத்துது. மேகத்தப் பாரு, மீன் செதிலு மாதிரி."

உன் அப்பா மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "உன் முட்டிக்கு அறுபது வயசு. என் பையன் குடுத்த வாட்ச்சுக்கு ஒரு வயசு. ஒரு மீட்டர் நகரல, வந்து பாரு!"

"அப்ப அதையே கூட்டிட்டுப் போ. நான் பொண்டாட்டிகூட அடுப்புகிட்ட கெடக்கேன்."

"கெட. உன்னைய எந்தக் கணவாயும் தேடல."

எனக்கும் சிரிப்பு வந்தது. உன் அப்பா தனியாகப் புறப்பட்டார். மதியத்துக்குள் பனி பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் சும்பி மாமாவும் லாட்ஜ்காரர்களும் போய் அவரைக் கொண்டுவந்தார்கள். ஏரி தெரிகிற பக்கம், இறக்கத்தில் கிடந்தாராம். ஒரு யாக் அவர்மேல் காற்று படாதபடி படுத்து, அதுவும் போய்விட்டதாம்.

அன்று காலை வாட்ச் லுங்தென் உயரம் 4,380 என்று சரியாகத்தான் காட்டியது. நீ நல்லதாகத்தான் அனுப்பினாய். அதன்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
யங்ஜின்


ஸெர்மாட்
நவம்பர் 17, 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. 4,380 என்றா இருந்தது? நிச்சயமாகவா?

அம்மா, அந்த வாட்ச்சுக்கு மலை தெரியாது, காற்றின் கனம் மட்டும்தான் தெரியும். நாம் ஏற ஏறக் காற்று லேசாகும், அதைப் பார்த்து உயரத்தின் எண்ணை ஏற்றும். புயல் வருவதற்கு முன்னாலும் காற்று லேசாகிவிடும். அப்போது நாம் படுத்திருந்தாலும், ஏறிவிட்டோம் என்று அது ஏமாந்து எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். காற்றழுத்தத்தைக் கோடாகக் காட்டும் பக்கமும் அதில் உண்டு. மே மாதம் வந்தபோது அப்பாவுக்குக் காட்டினேன். "இந்தக் கோடெல்லாம் என் மண்டையில ஏறாதுடா, ஒரே ஒரு நம்பர் சொல்லு" என்றார். அதனால், "படுக்கும்போது பாருங்க, எழுந்ததும் பாருங்க. முப்பதுக்கு மேல ஏறியிருந்தா கணவாய்ப் பக்கம் போகாதீங்க" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அவ்வளவு பெரிய புயலுக்கு ஏறாமல் இருக்க முடியாது. ஏறவில்லை என்றால் வாட்ச் கெட்டுப்போயிருந்தது. அது கெட்டுப்போனதற்கு நான்தான் காரணம். புதிது என்று எல்லோரிடமும் சொன்னேனே, அது புதிது இல்லை. இங்கே ஒரு மலை வழிகாட்டி கழற்றிப் போட்டதை வாங்கி, பெட்டி மட்டும் புதிதாகத் தேடி, அதில் வைத்து அனுப்பினேன். பாறையில் ஒருமுறை அடிபட்டது என்று அவன் சொல்லவும் செய்தான். நான் கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

சும்பி மாமாவின் முட்டி சரியாகச் சொல்லியிருக்கிறது. என் வாட்ச் அப்பாவைக் கொன்றுவிட்டது.

செய்தி வந்த நாளிலிருந்து தூக்கம் இல்லை. ஓட்டலில் தட்டு கழுவும்போது கை தானாக நின்றுவிடுகிறது. நேற்று வேலை முடிந்து திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. யாரோ ஒருவர் தோளைத் தொட்டு அறைவரை கொண்டுவந்து விட்டார்.

என்னை மன்னித்துவிடு.

தேண்டி


தாமே
டிசம்பர் 8, 2007

என் தேண்டிக்கு,

உன் கடிதம் 3ஆம் தேதி கைக்கு வந்தது. அன்றே எழுதியிருக்கவேண்டும். ஐந்து நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். எழுதினால் அழுகை வரும், நாற்பத்தொன்பது நாள் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதி பயம். நேற்றோடு நாள் முடிந்தது. ஊருக்குச் சோறு போட்டோம், விளக்கு ஏற்றினோம், அவர் துணிமணியைக் கொடுத்துவிட்டோம்.

நான் எழுதாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. நீ வாட்ச்சைக் குற்றம் சொல்வாய், அது வாயைத் திறக்காது. ஆனால் பாலத்தில் நின்றேன் என்று எழுதியிருக்கிறாயே. மற்ற வரியெல்லாம் ஒருமுறை படித்தேன், அந்த வரியை எத்தனை முறை என்று தெரியவில்லை.

வாட்ச் கெட்டுப்போகவில்லை மகனே. ஏறியது. நான் இறக்கிவைத்தேன்.

லுங்தென் லாட்ஜ் வாசலில் போர்டு இருக்கிறதே, 4,380 மீட்டர் என்று சிவப்பில் எழுதி. மே மாதம் நீ அந்தப் போர்டைப் பார்த்துத்தான் பொத்தானை அமுக்கினாய். நான் பக்கத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். "என்னடா பண்ற?" என்றேன். "தப்பாக் காட்டுதும்மா, சரி பண்றேன்" என்றாய். எனக்குச் சொன்னது அவ்வளவுதான். உன் அப்பாவுக்கு என்ன சொன்னாய் என்று நீயும் எனக்குச் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று இரண்டு பேருமே நினைத்திருப்பீர்கள். குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை.

நம் சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடினால் ரேடியோ செய்திக்கு முள்ளைத் திருப்பி வைக்கிறேனே, இதையும் அப்படித்தான் நினைத்தேன். போர்டு ஒன்று சொல்ல, வாட்ச் ஒன்று சொன்னால், வாட்ச்தானே தப்பு? விடியலில் அடுப்பு மூட்ட முதலில் எழுகிறவள் நான். சில நாள் பத்து மீட்டர் கூட இருக்கும், சில நாள் பதினைந்து. சரி பண்ணி ஆணியில் மாட்டிவிடுவேன். உன் அப்பா எழுந்து பார்ப்பார். "என் பையன் வாட்ச்சப் பாத்தியா? இருந்த எடத்துலயே இருக்கு" என்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் செய்தேன் என்று சொல்ல வாய்வரை வரும், சொல்லமாட்டேன். உன் வாட்ச்சுக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது, அவ்வளவுதான்.

அன்று காலை 4,448 என்று இருந்தது. அவ்வளவு தப்பாக அது காட்டியதே இல்லை. என் பிள்ளையை யாரோ ஏமாற்றி விற்றுவிட்டார்கள் என்று கோபம் வந்தது. ஒரு அமுக்குக்கு ஒரு மீட்டர் இறங்கும். அறுபத்தெட்டு அமுக்கு. நடுவில் தேநீர் பொங்கியது. இறக்கிவைத்துவிட்டு, வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அமுக்கினேன். பாதியோடு விட்டிருந்தால்கூட முப்பத்துநாலு கூட இருந்திருக்கும். நீ சொன்ன முப்பதுக்கு மேல். அவர் யாக்கின் கயிற்றை அவிழ்த்துவிட்டுத் திரும்ப வந்து படுத்திருப்பார்.

நான்தான் அவர் கையில் கட்டியும் விட்டேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, லாமாவிடம்கூட. உனக்குத்தான் சொல்கிறேன். அடிபட்ட வாட்ச், பழைய வாட்ச் என்பதெல்லாம் ஒன்றுமில்லை. அது ஒழுங்காக வேலை செய்தது. நீயும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாய். உன் அப்பாவும் சொன்னபடி எழுந்ததும் பார்த்தார். மூன்று பேர்மேலும் தப்பில்லை.

இனிமேல் அந்தப் பாலத்து வழியாக நடக்காதே. வேறு வழி இருந்தால் சுற்றிப் போ.

அம்மா


ஸெர்மாட்
ஜனவரி 4, 2008

அம்மாவுக்கு,

கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். பொய்யாக இருந்தது.

உன் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதை நான் சொல்லவில்லை. இதையெல்லாம் புத்தி சொல்கிறது. ஆனால் கண்ணை மூடினால் நீ அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருக்கிறாய். நிறுத்தும்மா என்று கத்துகிறேன், நீ நிமிரவே மாட்டேன் என்கிறாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் கடிதம் வந்த அன்று ராத்திரி நான் தூங்கினேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு, விடியும்வரை. நான் இல்லை, நான் இல்லை என்று உடம்பு தானாகத் தூங்கிவிட்டது. எழுந்ததும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்தால் அந்தத் தூக்கம்தான் ஞாபகம் வரும். என்னால் முடியாது.

லோசார் புத்தாண்டுக்கு நான் ஊருக்கு வரவில்லை. அடுத்த வருடமும் வருவேன் என்று சொல்லமுடியாது. எழுதாதே என்று சொல்லவில்லை. பதிலை மட்டும் எதிர்பார்க்காதே.

தேண்டி


தாமே
ஜனவரி 28, 2008

தேண்டிக்கு,

கடிதம் வந்தது. நீ தூங்கினாய் என்ற வரியைப் படித்துவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குத்தான் நான் எழுதினேன். அருவருப்புப் படாதே. வேறு எதையாவது நினைத்து வெட்கப்படு, தூங்கினதற்கு வேண்டாம்.

மிஞ்சிய யாக்கைச் சும்பி மாமாவிடம் விட்டிருக்கிறேன். பாவம், அவர் தினமும் வந்து அடுப்புப் பக்கம் உட்கார்ந்துகொள்கிறார். நேற்று அழுதேவிட்டார். "நான் கயித்தப் புடிச்சி நிறுத்தியிருக்கணும் தங்கச்சி. முட்டி சொல்லுச்சு, நான்தான் வெளையாட்டாப் பேசி அனுப்பிட்டேன்." நான் உப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சொல்லவேண்டியது நாக்குவரை வந்தது. ஒருமுறை சொல்லி உன்னைப் பறிகொடுத்துவிட்டேன், இவரையும் பறிகொடுத்துவிட்டு யாரோடு உட்காருவேன்? அவர் அழட்டும் என்று விட்டுவிட்டேன். இப்போது நான் அந்த மாதிரி ஆளாகிவிட்டேன். நீயும் தெரிந்துகொள்.

பதில் கேட்கமாட்டேன். இதுதான் நான் எழுதுகிற கடைசிக் கடிதம். எழுதினால், பதில் வராது என்று தெரிந்தும், தபால் வந்ததா என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு வேலை இருக்கிறது. லோசாருக்கு இன்னும் பத்து நாள். போகிற இடமெல்லாம், "பையன் வர்றானாக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். முதலாளி லீவு தரவில்லை, இந்த வருடம் அங்கே கூட்டம் அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். உன்னோடு வேலை செய்கிற பூத்தே ஊருக்குப் போன் பண்ணுவான். அவனிடமும் அதையே சொல்லிவை. டிக்கெட் கிடைக்கவில்லை, உடம்பு சரியில்லை என்று நீ வேறு எதையாவது சொல்லிவிடாதே. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லவேண்டும்.

அம்மா